பசிக்குச் சாட்சி நின்ற டிக்பி

பிறர் துன்பம் கண்டு இரங்குவோர் உலகிற் பலர். இரங்கியதோடு நில்லாமல், தம்மால் இயன்ற உதவியைச் செய்வோர் சிலர். அத்துன்பத்தை நேரிற் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதனை எழுத்தில் வடித்து, ஆள்வோர் செவியில் ஏறும்வரை ஓயாது எடுத்துரைப்போர் மிகமிகச் சிலரே ஆவர். அத்தகைய அரிய மாந்தருள் ஒருவர் வில்லியம் டிக்பி என்னும் ஆங்கிலப் பெரியார். அவர் நம் நாட்டிற் பிறந்தவர் அல்லர். நம் மொழி பேசும் குலத்தில் வந்தவரும் அல்லர். ஆயினும், தமிழகம் கண்ட கொடும் பஞ்சங்களுள் ஒன்றில் வாடிய ஏழை மக்களின் நிலையை உலகறியச் செய்தவர்களுள் அவர் முன்னிற்பவர். அன்று தொடங்கிய அத்தொண்டினை இருபத்தேழு ஆண்டுகள், தம் இறுதி நாள்வரையில், அவர் கைவிடவில்லை.

இளமை

டிக்பி இங்கிலாந்து நாட்டின் கீழ்ப்பகுதியில் உள்ள விஸ்பீச் என்னும் ஊரை அடுத்த வால்சோகன் என்னும் சிற்றூரில், 1849ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாளன்று பிறந்தார். அவர் தம் பெற்றோர்க்கு மூன்றாம் மகன். உயர்ந்த பள்ளிகளிற் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பெரும்பாலும் தாமே கற்றுத் தம் அறிவை வளர்த்துக் கொண்டார். 1864ஆம் ஆண்டில், பதினைந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, விஸ்பீச் நகரில் வெளிவந்த செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார்.

செய்தித்தாள் அலுவலகமே அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது. அச்சுக்கூடத்தின் நுணுக்கங்கள், செய்தி திரட்டும் முறை, சுருக்கெழுத்து, கேட்டதைப் பிழையின்றி எழுதும் பழக்கம் ஆகியவற்றை அவர் அங்கே கற்றார். சொல்லிலே அழகு இருந்தால் மட்டும் போதாது. அச்சொல்லுக்குப் பின்னே உண்மை நிற்க வேண்டும் என்னும் உணர்வு அவருக்கு இளமையிலேயே வேரூன்றியது. பிற்காலத்தில் பேரரசின் அதிகாரிகளோடு வாதிட நேர்ந்தபோது அவருக்குத் துணை நின்றது இப்பயிற்சியே ஆகும்.

இலங்கையில்

1871ஆம் ஆண்டில் டிக்பி கடல் கடந்து இலங்கைத் தலைநகராகிய கொழும்பை அடைந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அங்கே வெளிவந்த சிலோன் அப்சர்வர் என்னும் நாளிதழில் துணையாசிரியராகப் பணியாற்றினார். இலங்கைச் சட்டசபையின் நடவடிக்கைகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து நூல்வடிவில் தொகுக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

அக்காலத்தில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அத்தோட்டங்களில் உழைத்தவர்களுட் பெரும்பாலோர் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஏழைகள். அவர்கள் உண்ட அரிசியோ, இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. அவ்வரிசிக்கு அரசாங்கம் இறக்குமதி வரி விதித்திருந்தது. உள்நாட்டில் விளைந்த நெல்லுக்கும் வரி இருந்தது. செல்வன் உண்ணும் சோற்றுக்கும் கூலியாள் உண்ணும் சோற்றுக்கும் வரி ஒன்றே. ஆனால், செல்வனுக்கு அது துளியாகத் தோன்ற, கூலியாளுக்கோ அது கூலியின் ஒரு பகுதியையே விழுங்கிவிடும். இந்த அநீதியை டிக்பி உணர்ந்தார். உணவுக்கு விதிக்கும் வரியை நீக்க வேண்டும் என்று இடைவிடாது எழுதினார். அவர் விரும்பிய பயன் உடனே விளையவில்லை. எனினும், ஏழையின் உணவைப் பற்றிய எண்ணம் அவர் உள்ளத்தில் நிலைத்துவிட்டது.

தாது ஆண்டுப் பஞ்சம்

1877ஆம் ஆண்டில் டிக்பி சென்னை நகருக்கு வந்து, மெட்ராஸ் டைம்ஸ் என்னும் நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அவர் வந்த காலம் கொடிய காலம். 1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை போதிய அளவு பெய்யவில்லை. அதனை அடுத்து வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. தமிழ் ஆண்டு வரிசையில் அது தாது ஆண்டு. ஆதலின் மக்கள் அப்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்றே வழங்கினர். அடுத்து வந்த ஈசுவர ஆண்டிலும் துன்பம் தொடர்ந்தது. அதன் கொடுமையைக் கூறும் கும்மிப் பாடல்கள் நெடுங்காலம் நாட்டுப்புறங்களில் வழங்கி வந்தன.

அந்நாளில் இன்றைய தருமபுரி மாவட்டம் தனி மாவட்டமாக இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, ஓசூர் ஆகிய வட்டங்கள் யாவும் பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியாக விளங்கின. 1965ஆம் ஆண்டில்தான் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. பின்னர் 2004ஆம் ஆண்டில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பாராமகால் என்று பெயர் பெற்ற இந்நிலப்பகுதி குன்றுகளால் சூழப்பட்டது. காவிரி இதன் மேற்கெல்லையைத் தொட்டுச் செல்கிறது. தென்பெண்ணையும் இதன் வழியே பாய்கிறது. ஆயினும், அவ்வாற்று நீர் மேட்டு நிலங்களுக்கு ஏறுவதில்லை. வானம் பெய்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். கிணறு ஊறினால் கேழ்வரகும் சோளமும் சாமையும் கொள்ளும் விளையும். வானம் பொய்த்தால் இச்சங்கிலியின் முதற்கண்ணியே அறுந்துவிடும்.

1876ஆம் ஆண்டில் அவ்வாறே அறுந்தது. ஏரிகள் வறண்டு வெடித்தன. கிணறுகள் தூர்ந்தன. தீவனம் இன்றி உழவு மாடுகள் மடிந்தன. நிலம் உடையவன் கையிருப்பை விற்று உண்டான். பின் மாட்டை விற்றான். பின் பாத்திரத்தையும் வீட்டுக் கூரையின் மரங்களையும் விற்றான். நிலம் இல்லாத கூலியாளுக்கோ விற்பதற்கு யாதும் இல்லை. வயலில் வேலை இல்லாமையால் அவனுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாதவன் துணி வாங்க மாட்டான். ஆதலின் நெசவாளன் தறியும் நின்றது. மக்கள் காட்டுக் கிழங்குகளையும் இலை தழைகளையும் கள்ளிப் பழங்களையும் உண்டு உயிரைப் பிடித்து நின்றனர். பலர் ஊரைவிட்டு வெளியேறி, மைசூர்ச் சீமைக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் புறப்பட்டனர். மைசூரிலும் அதே பஞ்சம் நிலவியதால், அங்குச் சென்றவர்க்கும் புகலிடம் கிட்டவில்லை. வயிறு ஒட்டிய உடல்களை வாந்திபேதியும் பெரியம்மையும் எளிதில் கவர்ந்தன.

நாட்டில் தானியமே இல்லையோ என்றால், அவ்வாறு கூற இயலாது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி மூட்டைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. இந்தியாவிலிருந்து கோதுமை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாவதும் நிற்கவில்லை. சேலத்தின் வழியே இருப்புப்பாதையும் ஓடியது. ஆனால், இரயில் நிலையத்திலிருந்து தருமபுரி போன்ற உள்நாட்டு ஊர்களுக்குத் தானியத்தைக் கொண்டுசெல்ல மாட்டு வண்டிகளே கதி. மாடுகளோ மடிந்துகொண்டிருந்தன. அரிதிற் சென்று சேர்ந்த தானியமும் ஏழையால் தொட முடியாத விலைக்கு விற்றது. தானியம் இருந்தும், அதனை வாங்கும் வலிமை மக்களிடம் இல்லை. பஞ்சம் என்பது மழையின்மையால் மட்டும் விளைவதன்று, வறுமையாலும் விளைவது என்னும் உண்மையை டிக்பி இங்குதான் கண்டறிந்தார்.

ஓர் இராத்தல் உணவு

அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். தானிய விலை ஏறுவதைக் கண்டு, 30,000 டன் தானியத்தை அரசாங்கத்தின் சார்பில் வாங்குமாறு அவர் ஆணையிட்டார். இந்திய அரசாங்கம் அதனை விரும்பவில்லை. வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அக்கால ஆட்சியாளரின் கொள்கை. அரசப் பிரதிநிதியாகிய லிட்டன் பிரபு, 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று தில்லியில் பெருந்தர்பார் ஒன்றை நடத்தி, விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசியாராக அறிவித்தார். வடக்கே விழா நடக்கையில் தெற்கே பசி தலைவிரித்தாடியது.

அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரியை இந்திய அரசாங்கம் சென்னைக்கு அனுப்பியது. இவர் 1874ஆம் ஆண்டில் பீகாரில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது பர்மா அரிசியைத் தாராளமாக வரவழைத்து, எண்ணற்ற உயிர்களைக் காத்தவர். ஆனால், அதற்காகப் பாராட்டுப் பெறுவதற்கு மாறாக, பணத்தை வாரி இறைத்தார் என்னும் பழிக்கு ஆளானார். அப்பழியைத் துடைக்கவே போலும், சென்னையில் அவர் கடுஞ்சிக்கனத்தைக் கைக்கொண்டார். பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்தும் கல் உடைத்தும் உழைக்கும் ஆள் ஒருவனுக்கு, நாள் ஒன்றுக்கு ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் அதற்கு மேல் ஒரு சிறு தொகையும் போதும் என்று விதித்தார். ஓர் இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம்.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்பவர் இவ்விதியைக் கடுமையாக எதிர்த்தார். சிறையில் இருக்கும் கைதிக்கு அளிக்கும் உணவைவிட இது குறைவு என்றும், உழைப்பவன் உடல் இதனால் நாளடைவில் தேய்ந்து அழியும் என்றும் மருத்துவ நெறியால் அவர் விளக்கினார். டிக்பி கார்னிஷின் பக்கம் நின்றார். பஞ்சத்தைத் தீர்க்க மேலும் தகுந்த ஏற்பாடுகள் வேண்டும் என்று தம் இதழில் விடாது வலியுறுத்தினார். வெறும் உணர்ச்சியால் அன்று, கணக்காலும் சான்றாலும் அவர் வாதிட்டார். எத்துணைப் பேர் முகாமுக்கு வந்தனர், எத்துணைப் பேர் மாண்டனர், தானியம் என்ன விலைக்கு விற்றது என்னும் செய்திகளை ஊர்தோறும் திரட்டினார். பின்னர் அரசாங்கம் அக்கூலியை உயர்த்த நேர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில் மடிந்தவர்கள் மடிந்தவர்களே. எனினும், ஏழையின் தட்டில் விழும் ஒரு பிடி சோறு பேரரசின் ஆலோசனை மன்றத்தில் வழக்காடத்தக்க பொருள் என்பதை அப்போர் நிலைநாட்டியது.

கடல் கடந்த வேண்டுகோள்

1877ஆம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழையும் தொடக்கத்தில் ஏமாற்றியது. அரசாங்க உதவி மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் சென்னையில் பொதுக்கூட்டம் ஒன்று கூடியது. அதன் விளைவாக இலண்டன் நகர மேயருக்குத் தந்தி பறந்தது. இவ்வேண்டுகோள் எழுந்ததற்கு டிக்பியின் முயற்சி பெருங்காரணமாக இருந்தது. இலண்டன் மேயரின் மாளிகையில் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. செல்வரும் எளியவரும் பொருள் ஈந்தனர். ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்தும் பணம் வந்தது. இவ்வாறு சேர்ந்த தொகை ஏறத்தாழ 8,20,000 பவுன்.

நிதியைத் திரட்டுவதினும் அதனை உரியவர் கையிற் சேர்ப்பது அரிய செயல். அப்பணிக்கென அமைந்த நிர்வாகக் குழுவின் கௌரவச் செயலாளராக டிக்பி பொறுப்பேற்றார். மாவட்டங்களில் கிளைக் குழுக்கள் பல அமைந்தன. அரசாங்கத்தின் உதவி யாரைச் சென்று எட்டவில்லையோ அவர்களுக்கே இந்நிதி உதவ வேண்டும் என்பது குறிக்கோள். வெளியே வந்து கல் உடைக்க இயலாத பெண்டிர், பெற்றோரை இழந்த குழந்தைகள், முதியோர், நோயாளர் ஆகியோர் முதலில் உதவி பெற்றனர். மழை பெய்யத் தொடங்கியதும், உழவனுக்கு விதை வாங்கவும் மாடு வாங்கவும், இடிந்த குடிசைக்குக் கூரை வேயவும், ஆடை இன்றி வாடியவர்க்குத் துணி அளிக்கவும் பணம் பயன்பட்டது. பட்டினியால் வாடுபவனுக்கு ஒரு வேளைச் சோறு ஈவது நன்று. அவன் மீண்டும் தன் காலில் நிற்க விதையும் மாடும் ஈவது அதனினும் நன்று. இந்நுட்பத்தை அக்குழு உணர்ந்து செயற்பட்டது. டிக்பியின் உழைப்பைப் பாராட்டி, 1878ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று அரசாங்கம் அவருக்கு சி.ஐ.இ. என்னும் விருதை வழங்கியது. அப்போது அவர் முப்பது வயதையும் எட்டாத இளைஞர்.

ஒளிப்படமும் எழுத்தும்

இப்பஞ்சத்தை உலகுக்கு அறிவித்த பிறிதொரு கருவி ஒளிப்படம். அக்காலத்துப் படக்கருவி இன்று போல் கையடக்கமானதன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, பெரும் பெட்டியில் வைத்து, மூன்று கால்களின் மேல் நிறுத்திப் படமெடுக்க வேண்டும். சென்னைக் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்த ஹூப்பர் என்பவர் இக்கலையில் வல்லவர். அவர் பஞ்ச முகாம்களுக்குச் சென்று, எலும்பும் தோலுமாக நின்ற ஆண் பெண் குழந்தைகளைக் கூட்டங் கூட்டமாக அமர்த்திப் படமெடுத்தார். ஒளிப்படத்தை அப்படியே செய்தித்தாளில் அச்சிடும் முறை அந்நாளில் பரவவில்லை. ஆதலின், பஞ்சப் படங்களைப் பார்த்து மரத்தில் செதுக்கிய சித்திரங்களே இலண்டன் இதழ்களில் வெளிவந்தன. ஆயிரம் சொற்களால் அசையாத நெஞ்சும் அச்சித்திரங்களைக் கண்டு அசைந்தது.

ஆயினும், ஹூப்பரின் படங்களைக் குறித்து ஒரு வினா எழுந்தது. நிற்கவும் வலியற்ற மனிதரை வரிசையாக அமர்த்திப் படமெடுத்தவர், படம் முடிந்தபின் அவர்களுக்கு யாது செய்தார் என்பதே அவ்வினா. அவ்வினா இன்றும் அப்படங்களோடு ஒட்டி நிற்கிறது. அவற்றில் காணப்படும் மக்களின் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்களது ஊர், தொழில், உறவு ஆகியன யாவும் மறைந்து, பசித்த உடல் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இங்கே ஓர் அரிய பாடம் அடங்கியுள்ளது. துன்பத்தைப் பதிவு செய்வது நற்பணியே. ஆனால், பதிவு செய்தவன் அத்தோடு விலகிவிட்டால் அது வெறுங் காட்சியாகிவிடும். கண்டதைச் சொல்லி, சொன்னதற்குப் பயன் விளையும்வரை உடன் நிற்பவனே உண்மையான சாட்சி. டிக்பியின் பெருமை இதில்தான் உள்ளது. அவர் பஞ்சத்தைப் பற்றி எழுதினார். எழுதியதால் நிதி வந்தது. வந்த நிதி மக்கள் கையிற் சேரும்வரை பொறுப்பேற்று நின்றார். பஞ்சம் நீங்கியபின்னும் அதன் காரணத்தைத் தேடுவதை நிறுத்தவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க நாட்டில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வாடிய சிறுவர்களைப் படமெடுத்து, குழந்தை உழைப்பை ஒழிக்கப் பல்லாண்டு பாடுபட்ட லூயிஸ் ஹைன் என்பவரும், 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்து நாட்டு மக்களின் கண்ணைத் திறந்த சுனில் ஜானா என்பவரும் இத்தகைய சாட்சிகளின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்கள்.

பஞ்ச வரலாறு

1878ஆம் ஆண்டில் டிக்பி தாம் திரட்டிய செய்திகளை எல்லாம் தொகுத்து, தென்னிந்தியப் பஞ்சத்தின் வரலாற்றை இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அரசாங்கக் கடிதங்கள், மருத்துவர் அறிக்கைகள், விலைப் பட்டியல்கள், முகாம்களின் கணக்குகள், நேரிற் கண்டோர் கூற்றுகள் ஆகியன அந்நூலில் இடம்பெற்றன. இன்றும் அப்பஞ்சத்தை ஆராய்வோர் முதலில் நாடும் நூல்களுள் அதுவும் ஒன்று.

அப்பஞ்சத்தில் மடிந்தோர் எத்துணையர் என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஐம்பத்தைந்து இலட்சம் என்பது ஒரு மதிப்பீடு. ஒரு கோடிக்கு மேல் என்பது பிறிதொரு மதிப்பீடு. சேலம் மாவட்டம் எய்திய இழப்பை மக்கள்தொகைக் கணக்கே உரைக்கும். 1871ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1881ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 16 இலட்சம் பேரே இருந்தனர். பெருக வேண்டிய மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது. மாண்டவரும் ஊரைவிட்டு அகன்றவரும் பிறவாது போன குழந்தைகளும் அவ்வெண்ணின் வெற்றிடத்தில் மறைந்து கிடக்கின்றனர்.

தாய்நாட்டில் இந்தியப் பணி

1879ஆம் ஆண்டில் குடும்பச் சூழ்நிலை காரணமாக டிக்பி இங்கிலாந்து திரும்பினார். அங்கே லிவர்ப்பூல், பிளிமத் ஆகிய நகரங்களில் நாளிதழ்களின் ஆசிரியராக இருந்தார். பின்னர் 1882 முதல் 1887வரை இலண்டனில் தேசிய லிபரல் கழகத்தின் செயலாளராகப் பணியாற்றினார். தம் வாழ்வை வளமாக அமைத்துக்கொள்ள அவருக்கு வழிகள் பல திறந்திருந்தன. ஆனால், சென்னையிற் கண்ட காட்சிகள் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. இந்தியர்களுக்கு ஆட்சியில் பங்கு இல்லாதவரை அவர்களுடைய வறுமை தீராது என்னும் முடிவுக்கு அவர் வந்தார்.

1885ஆம் ஆண்டில் இந்திய தேசிய காங்கிரஸ் தோன்றியது. அதன் கோரிக்கைகளை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைக்க ஆள் தேவைப்பட்டது. டிக்பி அதற்கென ஓர் அலுவலகத்தை இலண்டனில் நடத்தினார். 1889ஆம் ஆண்டில் காங்கிரஸின் பிரிட்டிஷ் குழு அமைந்தபோது அதன் செயலாளரானார். சர் வில்லியம் வெட்டர்பர்ன், தாதாபாய் நவ்ரோஜி ஆகியோர் அவருடன் சேர்ந்து உழைத்தனர். 1890ஆம் ஆண்டில் இந்தியா என்னும் பெயரால் தொடங்கிய இதழுக்கு அவரே ஆசிரியராக விளங்கி, 1892வரை அதனை நடத்தினார். பாராளுமன்றத்தில் இடம்பெற்று இந்தியாவுக்காகப் பேச விரும்பி 1885ஆம் ஆண்டிலும் 1892ஆம் ஆண்டிலும் தேர்தலில் நின்றார். இருமுறையும் தோல்வியே கண்டார். தோல்வி அவர் கையிலிருந்த எழுதுகோலைப் பறிக்கவில்லை.

கணக்குக் கேட்ட நூல்

1896ஆம் ஆண்டிலும் 1899ஆம் ஆண்டிலும் இந்தியாவை மீண்டும் பெரும் பஞ்சங்கள் தாக்கின. ஆயினும், நாடு செழித்து வருகிறது என்றே ஆட்சியாளர் கூறிவந்தனர். செழிக்கும் நாட்டில் மக்கள் ஏன் பட்டினியால் மடிகின்றனர் என்று டிக்பி வினவினார். 1901ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூலுக்குச் செழிப்புமிக்க பிரிட்டிஷ் இந்தியா என்னும் பொருள்படப் பெயரிட்டார். அப்பெயர் புகழ்ச்சி போலத் தோன்றும் இகழ்ச்சி.

அரசாங்கத்தின் கணக்குகளையே எடுத்து, அவற்றைக் கொண்டே அரசாங்கத்தின் கூற்றை அவர் மறுத்தார். இந்தியன் ஒருவனுக்குச் சராசரியாகக் கிடைத்த நாள் வருவாய் 1850ஆம் ஆண்டில் இரண்டு பென்சு. 1880ஆம் ஆண்டில் ஒன்றரைப் பென்சு. 1900ஆம் ஆண்டிலோ முக்கால் பென்சு. இதுவே அவர் கண்ட கணக்கு. அவருடைய கணக்கைப் பிற்கால அறிஞர் சிலர் முழுதும் ஏற்பதில்லை. ஆனால், வினா தவறன்று. ஒரு நாட்டின் செழிப்பை அளக்க வேண்டுமாயின், துறைமுகத்தில் ஏறும் மூட்டைகளை எண்ணினால் போதாது. அந்நாட்டு ஏழையின் அடுப்பங்கரையை நோக்க வேண்டும் என்பது அந்நூலின் சாரம். அதே ஆண்டில் தாதாபாய் நவ்ரோஜி இந்தியாவின் வறுமையைப் பற்றி எழுதிய நூலும், அடுத்த ஆண்டில் ரொமேஷ் சந்திர தத்தர் எழுதிய பொருளாதார வரலாறும் வெளிவந்தன. இம்மூன்று நூல்களும் விடுதலை இயக்கத்திற்கு அறிவு வலிமை அளித்தன.

மறைவும் நினைவும்

இடையறாத உழைப்பால் டிக்பியின் உடல் தளர்ந்தது. 1904ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24ஆம் நாள் இலண்டனில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

அவரும் அவரைப் போன்றோரும் எழுப்பிய குரல் வீண்போகவில்லை. தாது ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின், 1878ஆம் ஆண்டில் பஞ்ச ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைந்தது. அதன் பரிந்துரைகளிலிருந்து பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு உருவாயிற்று. பஞ்சம் வரும் அறிகுறிகளை முன்னரே கண்டுகொள்வது எப்படி, வேலையும் உணவும் யாருக்கு எவ்வளவு அளிப்பது என்பவற்றை அது வகுத்துரைத்தது. அதிகாரி ஒருவரின் விருப்பு வெறுப்பைப் பொறுத்திருந்த உதவி, ஓரளவு அரசின் கடமையாக மாறியது. பஞ்சம் தாக்கும் பகுதிகளுக்குத் தானியத்தைக் கொண்டுசெல்லச் சிறு இருப்புப்பாதைகள் போடப்பட்டன. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ஆம் ஆண்டில் திறந்த சிறு இரயில் பாதை அவற்றுள் ஒன்று. பின்னர் அது 1913ஆம் ஆண்டில் ஓசூர்வரை நீண்டது. மாட்டு வண்டியையே நம்பியிருந்த ஊர்களுக்குத் தானியம் வர வழி பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அப்பாதை எடுக்கப்பட்டுவிட்டது. எனினும், தாது ஆண்டில் வண்டிமாடு இன்றி வாடிய ஊர்கள் கற்பித்த பாடத்தின் அடையாளமாக அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்கியது.

டிக்பி பெருஞ்செல்வர் அல்லர். படை நடத்திய தலைவரும் அல்லர். அவரிடம் இருந்தவை கூர்ந்து நோக்கும் கண்ணும், சோர்வறியாத கையும், பிறர் பசியைத் தம் பசியாகக் கருதும் நெஞ்சுமே ஆகும். தம் இனத்தார் ஆளும் ஆட்சியில் குறை கண்டபோது, தம்மவர் என்று அவர் வாளாவிருக்கவில்லை. அயலார் என்று எண்ணித் துன்புற்றோரை விலக்கவும் இல்லை. துன்பம் எங்கே உண்டோ அங்கே கண் திறந்து நோக்குதல், நோக்கியதை உள்ளவாறு உரைத்தல், உரைத்தபின் பயன் விளையும்வரை உடன் நிற்றல் ஆகிய இம்மூன்றும் அவர் வாழ்ந்து காட்டிய நெறி. அந்நெறி எக்காலத்தும் எந்நாட்டவர்க்கும் உரியது.